கொல்லைப்புறப் பறவைச் செல்வம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கோழி வளர்ப்பு என்றதும் நாமக்கல்லின் நீண்ட கொட்டகைகளும், கம்பிக் கூண்டுகளில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கோழிகளுமே இன்று பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் நாட்டில் கோழி இன்னும் பெருமளவில் கொல்லைப்புறத்து உயிராகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் சுமார் 85 கோடி வளர்ப்புப் பறவைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம் வீட்டுக் கொல்லைகளில் வளர்பவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் கொல்லைப்புறப் பறவைகள் மட்டும் 45 சதவீதத்துக்கு மேல் பெருகியிருந்தன. பெரும் பண்ணைகள் வந்த பின்னும் கொல்லைக் கோழி மறையவில்லை, பெருகியே வந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

காரைக்கால் நகருக்குத் தெற்கே உள்ள நெரவி என் ஊர். நெல்வயலும் தென்னையும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். கிழக்கே சிறிது தொலைவில் கடல். எங்கள் தெருவில் கொல்லை உள்ள வீடுகளில் பெரும்பாலும் நாலைந்து கோழிகளாவது இருக்கும். சில வீடுகளில் வாத்து உண்டு. அண்மைக் காலமாக வான்கோழியும் கினிக்கோழியும் வந்து சேர்ந்திருக்கின்றன. இவ்வாறு பலவினப் பறவைகளைச் சிறு அளவில் கலந்து வளர்ப்பதன் நன்மை என்ன, ஆபத்து என்ன, அதில் ஒரு வீடு தனியாகச் செய்யக்கூடியது எது, தெருவே கூடிச் செய்ய வேண்டியது எது என்பதை விலங்கியல் மாணவர் என்ற முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாருடைய செல்வம்?

நெல் விற்ற பணம் வீட்டுக்கு வரும்போதே அதற்குரிய செலவுகள் வாசலில் காத்திருக்கும். உரக்கடை, கூலி, கடன் என்று அது பிரிந்து போய்விடும். முட்டையும் கோழியும் விற்ற பணம் அப்படியன்று. அது பெண்களின் கையில் சேரும் சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளிந்திருந்து, வேறு எந்தப் பணமும் இல்லாத நாளில் வெளியே வரும். காய்ச்சலுக்கு மருந்து, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீரென வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே துணை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்தபோது என் அம்மா ஆறு பெட்டைக் கோழிகளையும் ஒரு ஜோடி வான்கோழியையும் விற்றார். முதலாண்டுப் புத்தகங்களும் ஆய்வுக்கூடக் குறிப்பேடும் அந்தக் காசில் வாங்கியவை. ஆகவே கொல்லையில் ஒரு நோய் புகுந்து கோழிகள் மடிந்தால், அதை வெறும் கோழிச் சாவு என்று எங்களால் ஒதுக்கிவிட முடிவதில்லை. அந்த ஆண்டு ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

ஒரு கொல்லையில் பல கண்டங்கள்

நம் கொல்லையில் மேயும் பறவைகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் நிறத் தோலுக்குரிய மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதன் அறிவியற் பெயரில் இடம்பெறுபவர் பியேர் சொன்னேரா. இவர் 18ஆம் நூற்றாண்டில் நம் புதுச்சேரிப் பகுதிக்கு வந்து ஆராய்ந்த பிரெஞ்சு இயற்கையியலார்.

கினிக்கோழி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வான்கோழி அமெரிக்கக் கண்டத்தது. கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாய மன்னர் ஜஹாங்கீர், 1612ஆம் ஆண்டளவில் ஓவியர் மன்சூரைக் கொண்டு அதை வரையச் செய்தார். ஆங்கிலேயர் அதைத் துருக்கி நாட்டுப் பறவை என்று எண்ணிப் பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியிலோ அதற்கு ‘இந்தியாவின் கோழி’ என்ற பொருளிலிருந்து பிறந்த பெயரே வழங்குகிறது. இரண்டு பெயருமே தவறானவை! நாம் மணிலா வாத்து என்று அழைக்கும் பறவையும் மணிலாவைச் சேர்ந்ததன்று. அது தென்னமெரிக்கக் காட்டு வாத்தின் வழி வந்தது. மற்ற வளர்ப்பு வாத்துகளின் மூதாதை வட நாடுகளின் பச்சைத்தலை வாத்து.

வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு நோய்களோடு போராடி வளர்ந்த இனங்கள் இன்று ஒரே கொல்லையில் ஒரே தண்ணீர்ச் சட்டியில் வாய் வைக்கின்றன. கலப்பு வளர்ப்பின் நன்மை தீமை இரண்டும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

பங்கிட்டு உண்ணும் முறை

ஒரே இடத்தில், ஒரே உணவை, ஒரே முறையில் நம்பி வாழும் இரண்டு இனங்கள் நெடுங்காலம் சேர்ந்து நிலைக்க முடியாது என்பது 1934இல் ரஷ்ய அறிஞர் காஸ் வெளியிட்ட கொள்கை. நாம் இதைச் சூழலியல் பாடத்தில் படிக்கிறோம். கொல்லையில் பல இனங்கள் சண்டையின்றி வாழ்வதற்கும் இதே கொள்கை விளக்கம் தருகிறது. அவை உணவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கோழி காலால் சீய்த்து உண்பது. எருக்குழி, வைக்கோற்போர் அடி, மாட்டுக்கொட்டகை ஆகியன அதன் மேய்ச்சல் நிலம். புழு, கரையான், சிந்திய நெல் ஆகியவற்றை அது தேடி எடுக்கும். வாத்து சீய்ப்பதில்லை. அகன்ற அலகால் சேற்றையும் நீரையும் சலித்து, நத்தை, பூச்சி, பாசி, உதிர்ந்த நெல் ஆகியவற்றை உண்ணும். சம்பா அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளை வயல் வயலாக ஓட்டிச் செல்வதை டெல்டாவில் பிறந்த எவரும் பார்த்திருப்பர். வான்கோழி புல்லும் கீரையும் மிகுதியாக மேயும். கினிக்கோழி பூச்சிகளைத் துரத்திப் பிடிக்கும். மேலும் கீரியோ பாம்போ அயலாரோ வந்தால் ஊரே கேட்கும்படி கத்தும். நாய் உறங்கினாலும் கினிக்கோழி உறங்காது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

ஆகவே பத்துக் கோழி வைப்பதைவிட, ஆறு கோழியும் நான்கு வாத்தும் வைப்பது அதே கொல்லைக்குச் சுமை குறைவு. வாய்க்கால் ஓரம் வாத்துக்கும், எருக்குழி கோழிக்கும் போய்ச் சேரும். ஆனால் ஆண் பறவைகளின் எண்ணிக்கையில் கவனம் தேவை. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலும், ஐந்தாறு பெண் வாத்துக்கு ஓர் ஆண் வாத்தும் போதும். ஆண் வாத்து மிகுந்தால் அவை பெட்டைக் கோழிகளையும் துரத்திக் காயப்படுத்தும்.

அடையும் குஞ்சும்

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டையே இடும். கூண்டுக் கோழியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் கூண்டுக் கோழி மறந்துவிட்ட ஒரு கலையை நாட்டுக்கோழி மறக்கவில்லை. அதுதான் அடைகாப்பது. மின்சாரம் இல்லாமல், கருவி இல்லாமல், வெப்பமும் ஈரமும் பார்த்து முட்டையைப் புரட்டி, குஞ்சு பொரித்து, பருந்திடமிருந்து காத்து வளர்க்கிறது. முட்டை அதிகம் இடும் வாத்து இனங்கள் பெரும்பாலும் அடைகாப்பதில்லை. எனவேதான் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். வாத்து, வான்கோழி முட்டைகளுக்கு 28 நாள். கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். மணிலா வாத்துக்கு 35 நாள். ஒரே அடையில் வாத்து முட்டையும் கோழி முட்டையும் வைக்க விரும்பினால் முதலில் வாத்து முட்டையை வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே நாளில் பொரியும். நடுத்தர அளவுள்ள ஒரு நாட்டுக்கோழியின் சிறகுக்குள் பத்துப் பன்னிரண்டு கோழி முட்டை அடங்கும். வாத்து முட்டை பெரிது, எட்டு போதும்.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. குறுகிய முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கழுவக் கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விட்டால் நுண்கிருமிகள் எளிதில் நுழையும். ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றும் தெரியாதவற்றை அப்போதே எடுத்துவிட்டால் கூமுட்டை வெடித்து மற்ற முட்டைகள் கெடுவதைத் தவிர்க்கலாம்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் வைப்பது நம் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க என்று என் அப்பாயி சொல்வார். இரும்பு இடியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியலில் சான்று இல்லை. ஆயினும் அடைக்கோழியை இருண்ட, அமைதியான மூலையில் தனியே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து முற்றிலும் சரியானது. வழக்கத்தின் காரணம் பிழையாகலாம். அதன் கவனிப்புப் பயனுள்ளதே.

தீனியும் இருப்பிடமும்

மேய்ச்சல் மட்டும் போதாது. காலையில் சிறிது, மாலையில் அடையும்போது சிறிது என்று நொய், கருக்காய் நெல், தவிடு கொடுக்கலாம். ஆனால் இவையெல்லாம் மாவுச்சத்தே. குஞ்சுகளுக்குப் புரதம் இன்றியமையாதது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு பழைய மண்பானையில் வைக்கோல், கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். அதைத் தட்டிப் போட்டால் குஞ்சுகள் ஆவலோடு உண்ணும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று கிளிஞ்சல், இதை இடித்துப் போட்டால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். மற்றொன்று மீன் கழிவு. இதில் ஓர் எச்சரிக்கை: உப்பிட்ட கருவாட்டுத் தலையை அப்படியே போடக் கூடாது. பறவைகளின் சிறுநீரகம் மிகுந்த உப்பைத் தாங்காது. குஞ்சுகள் விரைவில் இறக்கும்.

பூஞ்சை பிடித்த தீனி மற்றோர் ஆபத்து. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீனியில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சையே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. அப்பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயரிட்டனர். வாத்துக் குஞ்சும் வான்கோழிக் குஞ்சும் இந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாவன. கோழி ஓரளவு தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நமநமத்துப்போன பிண்ணாக்கையும் சோளத்தையும் ‘வாத்துக்குத்தானே’ என்று கொட்டும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதை இதனால் அறியலாம்.

இருப்பிடத்தில் முதல் விதி உலர்வு. 2008 நவம்பர் 27இல் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்த நிஷா புயலையும், 2018 நவம்பர் 16இல் தாக்கிய கஜா புயலையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோழிக்கூடு தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் கால்களின் மேல் நிற்க வேண்டும். இரவில் மட்டும் அடையும் கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடம் போதும். கோழி இயல்பாகவே உயரத்தில் அடைவது. வாத்து தரையில் உறங்குவது. எனவே வாத்துக்குத் தனியே, மண்மேடு ஒன்றின் மேல் கீற்றுக் கொட்டகை போட்டால் போதும். இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்தால் வாத்து சிந்தும் நீரால் தரை ஈரமாகும். கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பும் நிலையை அடைந்துவிடும்.

கலப்பில் மறைந்திருக்கும் ஆபத்து

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கலந்து வளர்க்கும்போது ஓர் இனம் தாங்கும் நோய் மற்றோர் இனத்தைக் கொல்லும். நோயைச் சுமக்கும் பறவை பல நேரங்களில் நோயாளியாகத் தோன்றுவதில்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வான்கோழியின் ‘கருந்தலை நோய்’. இதை உண்டாக்கும் ஓரணு உயிரியை 1895இல் அமெரிக்க அறிஞர் தியோபால்டு ஸ்மித் விவரித்தார். இந்த உயிரி வெளியே விழுந்தால் சிறிது நேரத்தில் இறந்துவிடும். அப்படியானால் நோய் எவ்வாறு பரவுகிறது? 1920இல் கிரேபில் என்பவரும் ஸ்மித்தும் இப்புதிரை விடுவித்தனர். கோழியின் குடல்வாலில் வாழும் ஒரு சிறு உருளைப் புழுவின் முட்டைக்குள் இந்த உயிரி ஒளிந்துகொள்கிறது. கோழி எச்சத்தோடு விழும் அப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்புழுவின் உடலுக்குள்ளும் தங்கும். வான்கோழி அந்த மண்ணைக் கொத்தினாலோ மண்புழுவைத் தின்றாலோ போதும். உயிரி அதன் குடலையும் கல்லீரலையும் தாக்கும். கந்தக மஞ்சள் நிறக் கழிச்சலோடு வான்கோழி சாகும். கோழியோ பெரும்பாலும் ஒன்றும் அறியாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பொரித்த வான்கோழிக் குஞ்சுகள் தாமாகத் தீனி பொறுக்கத் தெரியாமல் பட்டினியால் சாவதுண்டு. ஓரிரு கோழிக்குஞ்சுகளை உடன் விட்டால், அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஆக, கோழியே ஆசான். கோழியே நோய் சுமப்பதும். எனவே தூய்மையான இடத்தில், தாய்க்கோழி இல்லாமல், முதல் சில நாட்களுக்கு மட்டும் குஞ்சுகளைச் சேர்த்து வைத்துப் பின் பிரித்துவிடுவது நல்லது. வளர்ந்த வான்கோழிக்குக் கோழிகள் மேயாத தனி இடம் வேண்டும். அவ்வளவு கொல்லை இல்லாதவர்கள் வான்கோழி ஆசையை விட்டுவிடுவதே அறிவுடைமை.

கடையில் விற்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்திலும் கவனம் வேண்டும். இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சில சமயம் சேர்க்கப்படும் சாலினோமைசின் என்ற மருந்து கோழிக்கு நல்லது, வான்கோழிக்கு நஞ்சு. மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இருப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

வெள்ளைக்கழிச்சல்

கொல்லைக் கோழியின் பெரும்பகை வெள்ளைக்கழிச்சல் நோய். இந்நச்சுயிரி நோய் 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியில் உள்ள இராணிகேத் என்ற ஊரில் தோன்றியதால் இந்தியாவில் அதை இராணிகேத் நோய் என்கிறோம். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், தொங்கிய சிறகு, பின்னர் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், அதன்பின் சாவு. இதற்கு மருந்து கிடையாது. வந்தபின் காப்பாற்ற வழியில்லை. வருமுன் தடுப்பூசி ஒன்றே வழி.

நான் பதினோராம் வகுப்புப் படித்த ஆண்டு, தை மாதத்தில், எங்கள் கொல்லையில் பதினெட்டுக் கோழிகளில் பதினைந்து நான்கே நாளில் இறந்தன. நான்கு வாத்துகளும் எதுவும் நடக்காதது போல வாய்க்காலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. வாத்துக்கு மட்டும் என்ன வரம் என்று அக்கம்பக்கத்தார் வியந்தனர். கல்லூரிக்கு வந்தபின்தான் விடை தெரிந்தது. வாத்து இந்த நச்சுயிரிக்குப் பெரும்பாலும் நோயுறுவதில்லை. ஆனால் அதைத் தாங்கி, எச்சத்தில் வெளியிடக்கூடும். வாய்க்கால் என்பது ஒரு வீட்டுக்குரியதன்று. மேல் தெருவில் செத்த கோழியை எறிந்த நீரில் கீழ்த் தெரு வாத்து நீந்துகிறது.

பறவைக் காய்ச்சலிலும் இதே நிலைதான். 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது. 2014இல் கேரளத்தின் குட்டநாட்டில் ஏராளமான வாத்துகள் அதனால் அழிக்கப்பட்டன. சில வகை வாத்துகள் வெளித்தெரியாமலே அந்நச்சுயிரியைச் சுமக்கும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஆகவே திடீரென்று பல பறவைகள் ஒருசேர இறந்தால், வெள்ளைக்கழிச்சல்தான் என்று நாமே முடிவு செய்யாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது கடமையாகும்.

ஒரு புட்டி மருந்தும் ஒரு தெருவும்

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி புதியதன்று. முக்தேசுவரம் ஆய்வு நிலையத்தில் உருவான தடுப்பு மருந்து 1940களிலிருந்தே வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. நோய்க்குப் பெயர் தந்தது இராணிகேத்; மருந்து தருவது இராணிப்பேட்டை! பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஓர் ஊசி. கினிக்கோழிக்கும் வான்கோழிக்கும் இந்நோய் வரும். அவற்றுக்கும் தடுப்பு வேண்டும். அளவையும் நாளையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்ய வேண்டும்.

மருந்து மலிவு, செய்முறை எளிது. அப்படியிருந்தும் கொல்லைக் கோழிகள் ஏன் தடுப்பூசி இன்றி மடிகின்றன? காரணம் மிக எளியது. மருந்து நூற்றுக்கணக்கான பறவைகளுக்குரிய புட்டியாக வருகிறது. இரண்டு முதல் எட்டு டிகிரி வரையிலான குளிரில் அதைக் காக்க வேண்டும். ஒருமுறை கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்தாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு இது ஒரு பொருட்டன்று. எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இதுவே பெருந்தடை. எட்டுக் கோழிக்காக யார் புட்டியை உடைப்பது?

இங்கேதான் கொல்லைக் கோழி வளர்ப்பு ஒரு வீட்டுக் காரியம் என்ற எண்ணம் உடைகிறது. எங்கள் கோழிகள் மடிந்ததற்கு அடுத்த ஆண்டு, தெருப் பெண்கள் கூடி, எந்த வீட்டில் எத்தனை பறவை என்று ஒரு தாளில் எழுதினார்கள். எல்லாம் சேர்ந்து நூற்றைத் தாண்டியது. கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில் மருந்து கொண்டுவரப்பட்டது. முந்தின இரவே ஒவ்வொரு வீட்டிலும் பஞ்சாரத்தில் கோழிகளை அடைத்து வைத்தார்கள். விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் வேலை முடிந்தது. அதன் பின் எங்கள் தெருவில் மொத்தமாகச் சாவு நேரவில்லை. இதை ஓர் ஆராய்ச்சி முடிவாக நான் கூறவில்லை. ஆனால் இதற்குரிய அறிவியல் தெளிவானது. பெரும்பாலான பறவைகளுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நச்சுயிரி தாவிச் செல்ல அடுத்த பறவை கிடைக்காது. தடுப்பூசி தவறிய ஓரிரண்டும் பிழைத்துக்கொள்ளும். ஒரு வீடு மட்டும் போட்டுக்கொண்டால் இந்தப் பயன் வராது.

தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடத்துவதும் இக்காரணம் பற்றியே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீனியாகவே கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிகளுக்கென்று உருவாக்கியிருப்பதும் கொல்லைக்காரரின் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்ததனாலேயே.

தடுப்பூசிக்கு ஈடாகத் தெரு காக்க வேண்டிய கட்டுப்பாடுகள் மூன்று. முதலாவது, செத்த பறவையை வாய்க்காலில் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது. இரண்டாவது, சந்தையில் வாங்கிய புதுப் பறவையைப் பதினைந்து நாளாவது தனியே வைத்துப் பார்ப்பது. மூன்றாவது கடினமானது. கொல்லையில் நோய் கண்டதும், ‘சாகுமுன் காசாக்கிவிடலாம்’ என்று எஞ்சிய கோழிகளை அவசரமாக விற்காமலிருப்பது. வறுமையில் இருப்பவருக்கு இது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆனால் அன்று விற்கும் ஒவ்வொரு கோழியும் இன்னொரு தெருவின் சிறுவாட்டை அழிக்கப் போகிறது. வாங்குபவரும் நம்மைப் போன்ற ஒரு தாய்தான்.

முடிவுரை

சிறிய கொல்லைக்கு ஏற்றது ஆறு பெட்டை, ஒரு சேவல், மூன்று பெண் வாத்து, ஓர் ஆண் வாத்து, விரும்பினால் சில கினிக்கோழிகள். பகலில் வெவ்வேறு மேய்ச்சல். இரவில் வெவ்வேறு கூடு. இது வீட்டின் பங்கு. தடுப்பூசியும் நீர்த் தூய்மையும் நோய்க்கால நேர்மையும் தெருவின் பங்கு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயன் தராது.

நம் கல்லூரித் தோழர்களில் பலர் காரைக்காலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். கொல்லையில் கோழி இல்லாத வீடுகள் நம்மில் குறைவு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் சாலை கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு, தை மாதத்திற்கு முன் ஒரு நாள், ஒரு சிற்றூரின் பறவைகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, கால்நடை மருத்துவரின் துணையோடு ஒரே காலையில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யலாம். விலங்கியல் மாணவர்களாகிய எங்களுக்கு அது ஒரு செய்முறைப் பாடம். அந்தச் சிற்றூரின் தாய்மார்களுக்கோ ஓராண்டுச் சிறுவாடு காப்பாற்றப்படும். அதில் ஒரு பங்கு, அடுத்த ஆண்டு இக்கல்லூரியில் சேரப்போகும் யாரோ ஒருவரின் புத்தகமாக மாறக்கூடும். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இதனை ஆராய்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.